பழைய வண்டியும் புதிய குழாயும்

மோட்டார் வண்டியை ஊர் செல்லும் கருவி என்ற அளவிலே கொள்வார் ஒரு சாரார். அதனை வளர்ப்புப் பிள்ளையைப் போலப் பேணுவார் மற்றொரு சாரார். இப்பிற்சாரார் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மிகப் பலர். ஐம்பது அறுபது ஆண்டு கடந்த ஸ்போர்ட்ஸ் கார்களை விலைக்கு வாங்கி, விடுமுறை நாட்களிற் கையில் எண்ணெய்க் கறை படிய அவற்றைச் செப்பனிட்டு, நாட்டுப்புறச் சாலைகளில் ஓட்டி மகிழ்வது அன்னாரது விநோதம். இவ்விநோதத்தை யாம் குறை கூறோம். கைத்தொழிலறிவையும் பொறுமையையும் ஒருங்கே வளர்க்கும் பொழுதுபோக்குகள் உலகில் மிகச் சிலவே. ஆயினும், அன்னார் தம் வண்டிகளுக்குச் செய்யும் மாறுதல்களுள் ஒன்றைப் பற்றி எமது அபிப்பிராயத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். வண்டியை ஆக்கியோர் அமைத்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மானிபோல்டைக் கழற்றிவிட்டு, பிற தொழிற்சாலையார் செய்து விற்கும் ஹெடர் என்னும் எஃகுக் குழாய்த் தொகுதியை அவ்விடத்திற் பூட்டுவதே அது.

இவ்விரண்டின் இயல்பை முதற்கண் அறிதல் நலம். எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொன்றிலும் எரிந்து முடிந்த வாயு, வால்வு திறந்தவுடன் பேரழுத்தத்தோடு வெளிப்படுகின்றது. சிலிண்டர்கள் தோறும் வெளிப்படும் அவ்வாயுவை ஏற்று ஒரு வழிப்படுத்துவது மானிபோல்டின் தொழில். வார்ப்பிரும்பினாலாயது கனமும் குறுகிய கிளைகளும் உடையது. ஆயினும் நெடுங்காலம் உழைப்பது, ஓசையையும் வெப்பத்தையும் ஓரளவு தன்னுள் அடக்குவது. ஹெடரோ, மெல்லிய குழாய்களை நீளமாக வளைத்து, தனித்தனியே கீழிறக்கி, இறுதியில் ஒன்றாகப் பற்றவைத்தது.

ஹெடரை விரும்புவோர் கூறும் நியாயம் வெறுங்கதையன்று. பௌதிக சாஸ்திரத்தில் வேரூன்றியதே. வால்வு திறக்குங்காற் புறப்படும் அழுத்த அலை, குழாய் வழியே சூடான வாயுவின் ஒலிவேகத்தில் ஓடுகின்றது. குழாய்கள் கூடுமிடத்தை அடைந்ததும், அதன் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்தமுடைய அலையாக மாறித் திரும்பி வருகின்றது. உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரச் சிறிது திறந்திருக்கும் நொடிப்பகுதியில் அது வந்து சேருமாயின், எஞ்சிய புகையை உறிஞ்சி வெளியேற்றி, புதிய கலவையை உள்ளிழுக்கத் துணைபுரியும். இவ்விடத்திற் கணக்கொன்று பார்ப்போம். அலையின் வேகம் நொடிக்கு 500 மீட்டர் என்றும், அது சென்று மீளுதற்குரிய காலம் கிராங்குத் தண்டின் மூன்றிலொரு பங்கு சுழற்சி என்றும் உதாரணமாகக் கொள்வோம். நிமிஷத்திற்கு 3000 சுற்றில் அக்காலம் 6.7 மில்லி நொடி. அதற்கேற்ற குழாயின் நீளம் சுமார் 1.67 மீட்டர். நிமிஷத்திற்கு 6000 சுற்றிலோ காலமும் பாதி, நீளமும் பாதி. அஃதாவது ஏறக்குறைய 83 சென்டிமீட்டர். ஆகவே, ஒரு நீளமுடைய குழாய் ஒரு வேகத்திற்கே உற்ற நண்பனாகும். பிற வேகங்களில் அது பயனற்றிருத்தலும் கூடும், சிற்சில வேளைகளில் இடையூறாதலும் கூடும். எல்லா வேகத்திலும் வலிமை தரும் குழாய் என்று விளம்பரஞ் செய்வோர் இவ்வுண்மையை மறைக்கின்றனர்.

நிற்க. பொதுப்படப் பேசுவதினும் ஒரு வண்டியை எடுத்து நோக்குதல் தெளிவு பயக்கும். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் கார் செய்யப்பெற்றது. ஐந்து லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்கா சென்றன. எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. தொடக்கத்தில் ஏறக்குறைய 95 குதிரைச் சக்தி தந்தது. பழைய கார்ப் பிரியர்களுக்கு இதனிற் பழக்கமான வண்டி அரிது; ஹெடர் விற்போருக்கும் அங்ஙனமே.

இவ்வெஞ்சினின் தலைப்பகுதியை உற்று நோக்குவார்க்கு ஒரு செய்தி புலப்படும். சிலிண்டர்கள் நான்காயினும் புகை வெளியேறும் வாயில்கள் மூன்றே. முதலாவதற்கும் நான்காவதற்கும் தனித்தனி வாயில்கள் உள; நடுவிலுள்ள இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்விரண்டும் அடுத்தடுத்து வெடிப்பனவல்ல. 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பதால், அவற்றினிடையே ஒரு முழுச் சுழற்சி கழிகின்றது. எனவே ஒன்றன் புகை மற்றொன்றைத் தடை செய்வது குறைவு. சிலிண்டருக்கு ஒரு குழாய் என்ற ஹெடரின் தத்துவத்தை இந்த எஞ்சினில் முழுதும் நிறைவேற்றல் இயலாது; நடுவிரு சிலிண்டர்களின் சேர்க்கை இரும்பினுள்ளேயே முடிந்துவிட்டது. மேலும், ஆபிங்டன் வார்ப்பிரும்பு மானிபோல்டு இரண்டு வாய்களாக வெளிவந்து, இரட்டைக் குழாயாகக் கீழிறங்கிய பின்னரே ஒன்றாகின்றது. அதனை அமைத்தோர் அறிவிலிகள் அல்லர். மாற்றமுறாத சாதாரண எஞ்சினில், அவ்வார்ப்பிரும்பை நீக்கி ஹெடரை இட்டதனால் மட்டும் வரும் ஆதாயம், ஓட்டுவோன் முதுகு உணரத் தக்கதன்று என்பதே எமது துணிபு. அவன் உணர்வது பெரும்பாலும் காதினால் உணர்வதே. ஓசை மிகுந்ததை வேகம் மிகுந்ததென மயங்குவது மனித சுபாவம்.

இனி, பூட்டும் வேலையின் தன்மையைக் காண்போம். விளம்பரங்கள் இதனை ஒரு பிற்பகல் வேலை என்னும். ஐம்பது ஆண்டு வெந்து துருவேறிய மரையாணிகள் அங்ஙனம் சொல்லமாட்டா. முதல் நாளே ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவைக்க வேண்டும். பொறுமையிழந்து திருகினால் ஆணி முறியும். முறிந்ததைத் துளையிட்டு எடுக்க நாட்கள் பல ஆகும். இவ்வண்டியிற் கார்புரேட்டர்களும் மானிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் உள்ளன. ஆதலின், முன்னவற்றைக் கழற்றாமற் பின்னதை அணுகல் அரிது. அன்றியும், உள்வரு குழாயின் விளிம்பையும் வெளிச்செல் குழாயின் விளிம்பையும் ஒருங்கே அழுத்திப் பிடிப்பவை தடித்த வாஷர்கள். ஹெடரின் விளிம்பு மற்றதைவிட மெல்லியதாயின், வாஷர் சாய்ந்து ஒன்றையே பிடிக்கும்; மற்றொன்று கசியும். விளிம்புகளின் கனத்தை அளந்து சமன் செய்யாது பூட்டியவர், தாமே ஒரு கசிவை விலை கொடுத்து வாங்கியவராவர்.

இக்கசிவு சிறு குற்றமன்று. புகையிற் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. கூரைத்துணி மூடிய சிறு வண்டியினுள்ளே அது புகுமாயின் உயிருக்கே ஊறு நேரும். வெப்பமும் அவ்வாறே கருதத்தக்கது. மெல்லிய குழாய்கள் வார்ப்பிரும்பினும் விரைவிற் சூடேறிச் சுற்றிலும் அதனை வீசுகின்றன. அண்மையிலுள்ள கார்புரேட்டரிற் பெட்ரோல் கொதித்து ஆவியாகி எஞ்சின் தடுமாறுதல் உண்டு. அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள துருப்பிடியா எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஆகவே முதல் ஓட்டத்தின் பின் எஞ்சின் ஆறியதும் நட்டுகளை மீண்டும் இறுக்குதல் இன்றியமையாதது. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அதன் தண்டு குழாய்களை அடுத்துச் செல்கின்றது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின்மீது அசைவது. நிற்கும்போது தொடாத குழாய் ஓடும்போது தொடலாம். வெப்பத்தை அடக்க நார்ப்பட்டை சுற்றுவாரும் உளர்; அஃது ஈரத்தைத் தேக்கிவைத்துச் சாதாரண எஃகை விரைவில் அரித்துவிடும். இவையெல்லாம் முடிந்த பின்னரும் கார்புரேட்டரின் கலவையைச் சோதித்துத் திருத்தல் வேண்டும். புகை செல்லும் வழியை மாற்றியவன் எரிபொருள் வரும் வழியையும் நோக்காது விடலாகாது.

இங்ஙனங் கூறுவதால் ஹெடரை முற்றும் பழிக்கின்றோம் என எவரும் கருதற்க. பந்தய வண்டி வேறு. அதில் எஞ்சினின் தலைப்பகுதி கடையப்பெற்று, கேம் தண்டு மாற்றப்பெற்று, உயர்ந்த சுழற்சியிலேயே ஓட்டம் நிகழ்வதால், அவ்வேகத்திற்கென அளந்து செய்த ஹெடர் தன் கடமையைச் செய்கின்றது. வார்ப்பிரும்பு வெடித்துப்போய், நல்லதொரு பழையது அகப்படாதவிடத்தும் ஹெடரைக் கொள்ளுதல் நியாயமே. 1975ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்ற எம்.ஜி.பி. வண்டிகள் ஒற்றைக் கார்புரேட்டரும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடையனவாய் வலிமை குன்றியிருந்தன. அவற்றின் சொந்தக்காரர் மாறுதல் வேண்டுவதும் விளங்கத்தக்கதே. ஆனால் இவ்விடங்களிலெல்லாம் ஹெடர் முழுமையான ஒரு திட்டத்தின் உறுப்பாகின்றது. யாம் மறுப்பது, திட்டம் யாதுமின்றி உறுப்பொன்றை மட்டும் மாற்றி, அதனை மேம்பாடெனக் கூறுதலையே.

இன்னும் ஒரு கேள்வி உண்டு. எமது கருத்தில் அதுவே தலையாயது. வண்டி ஒருவனுடையது, அதன் ஓசை யாருடையது? ஹெடரின் மெல்லிய சுவர் ஓசையை மிகுவிப்பது இயல்பு. அதனோடு சைலன்சரையும் இலேசாக்குவாராயின் தெருவெல்லாம் அதிரும். டெசிபல் கணக்கிற் பத்துக் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. நள்ளிரவில் வீடு திரும்பும் ஒருவனது இன்பத்திற்காக, தொட்டிலிற் குழந்தையும் கட்டிலில் நோயாளியும் விழித்தெழுவது எந்த நீதி? உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2018ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கென வகுத்த நெறியில், சாலைப் போக்குவரத்தின் இரவு ஓசை 45 டெசிபலுக்குக் கீழிருத்தல் வேண்டுமென்றனர். உறக்கத்தைக் காக்கவே இது கூறப்பட்டது.

சட்டங்களும் இது பற்றி மௌனமாயிருக்கவில்லை. வெளிப்புகையின் ஓசை மிகுமாறு புகைக்குழாய் அமைப்பையும் சைலன்சரையும் மாற்றலாகாது என்று பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு விதிகள் விதிக்கின்றன. கலிபோர்னியா மாகாணத்தில் 1976ஆம் ஆண்டு மாதிரி முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனைக்குட்பட்டவை. அவற்றில் அரசாங்க அங்கீகாரம் பெறாத ஹெடர் இருப்பின் சோதனையிற் றேறா. நம் தேசத்திலும், ஆக்கியோர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகின்றது. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றித் தெருவதிரச் செல்லும் நம் வாலிபர்களுக்கும் ஆபிங்டன் வண்டிக்காரர்க்கும் இவ்விடத்திற் பேதமில்லை. ஆயினும் சட்டத்திற்கஞ்சி ஓசையடக்குவதினும் அயலானை எண்ணி அடக்குவதே கற்றோர்க்கழகு.

கோபுரங் கட்டப் புகுந்து, செலவைக் கணக்கிடாமையாற் பாதியில் நின்று பிறர் நகைக்கு ஆளானவனைப் பற்றிய உவமையை நம் மாணவர் அறிவர். பழைய வண்டியின் சொந்தக்காரரும் முதலில் அமர்ந்து கணக்கிடுக. எவ்வேகத்தில் என் எஞ்சினுக்கு வலிமை வேண்டும்? அதற்கு இக்குழாய் ஏற்றதா? உடன் மாற்ற வேண்டியன யாவை? என் அயலார் யாது கூறுவர்? இவற்றிற்கு விடை கண்ட பின்னும் மாற்றத் துணிவாராயின் நன்கு மாற்றுக. கழற்றிய வார்ப்பிரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாது, எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திடுக. ஆபிங்டன் ஆலை 1980ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. அக்காலத்தில் வார்த்த துண்டொன்று போயின் போனதே. நாளை அவ்வண்டியைப் பெறுவோன் அதனை முந்தைய நிலையில் மீட்க விரும்பலாம். இன்று நம் கையிலுள்ள பழம்பொருள் நமக்கு முன்னோர் தந்தது மட்டுமன்று, நமக்குப் பின்னோர் நம்மிடம் ஒப்புவித்ததுமாம் என்பதை நினைவிற் கொள்வோமாக.