பதிவேற்றியதெல்லாம் பாதுகாத்தது ஆகாது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கெடாவின் கோத்தா கோலா மூடா மீனவக் கிராமத்துக்குள் கடல் புகுந்தது. மலேசியாவில் அன்று 68 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும் உயிரிழந்தவர்கள். அலை வடிந்த சில நாட்களுக்குள், இந்தியப் பெருங்கடலின் கரைகளில் சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் கைக்கேமராவில் எடுத்த காட்சிகள் தனிமனிதர்களின் வலைப்பதிவுகளில் ஏறத் தொடங்கின. தொலைக்காட்சி காட்டட்டும் என்று காத்திராமல் லட்சக்கணக்கானோர் அவற்றைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

தேடியவர்களுக்கு எல்லாம் எளிதில் கிடைத்துவிடவில்லை. ஒரே இடத்தில் காட்சிகளைச் சேர்த்துவைத்துக் காட்ட இணையத்தில் அப்போது பரவலான வசதி இல்லை. சுனாமிக் காட்சிகளைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டது யூடியூப் யோசனைக்கு ஒரு தூண்டுதல் என்று அதன் நிறுவனர் மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம் பின்னாளில் சொன்னார். சுனாமிக்கு நான்கு மாதம் கழித்து, 2005 ஏப்ரல் 23 அன்று, விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன் நின்று அவர் பேசிய 19 வினாடிக் காட்சி யூடியூபில் ஏறிய முதல் காணொளி ஆனது. மறு ஆண்டு அக்டோபரில் கூகுள் அந்த நிறுவனத்தை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

அதற்கு முன்பே காணொளி வலைப்பதிவர்கள் சிறு கூட்டமாக இயங்கிக்கொண்டிருந்தார்கள். 2004 ஜனவரி முதல் நாளில் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டீவ் கார்ஃபீல்டு அந்த ஆண்டைக் காணொளி வலைப்பதிவின் ஆண்டு என்று அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் ஜே டெட்மனும் பீட்டர் வான் டைக்கும் அவர்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அக்டோபரில் ‘ராக்கெட்பூம்’ என்ற அன்றாட நிகழ்ச்சி வந்தது. 2005 ஜனவரியில் நியூயார்க்கில் முதல் மாநாடும் கூடியது. இந்த வரலாறு பல நூல்களில் பதிவாகியிருக்கிறது. கெடாத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் அதே ஆண்டுகளில் கேமராவைக் கையில் எடுத்தவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதற்கான மூலப்பொருளும் வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தோட்டத் தமிழரை அசையும் படத்தில் பதிவுசெய்யும் அதிகாரம் நெடுங்காலம் அவர்கள் கையில் இருந்ததில்லை. மலாயா திரைப்படப் பிரிவு 1946இல் அமைந்தது. ரப்பர்த் தொழிலைப் பற்றி எதைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்பதை அரசாங்கம் தீர்மானித்தது. மறு ஆண்டு, 1947இல், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்தும் தொழிலாளர் உரிமைக்காகவும் எழுந்தது. பீடோங்கில் காவல்துறையோடு மோதல் மூண்டது. ஏப்ரலில் கூலிம் வட்டாரத்து டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கெடாத் தமிழரின் தொழிற்சங்க வரலாற்றில் அவை மறக்க முடியாத மாதங்கள். ஆனால் அவற்றை இன்று அறிய விரும்புகிறவர் பெரும்பாலும் அதிகாரிகளின் அறிக்கைகளையும் நாளிதழ்ச் செய்திகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தொழிலாளர் பக்கத்திலிருந்து எடுத்த ஓர் அசையும் படமும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அந்த நிலையை மாற்றியவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். 1980களில் விஎச்எஸ் கேமராவைத் தோளில் சுமந்து தோட்டத்துக்குள் நுழைந்தவர்கள், பிறகு ஹை8, மினிடிவி (MiniDV) என்று கருவி மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் விசிடி வந்ததும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் திருமணம் முடித்த வீட்டில் தட்டு ஒன்று கட்டாயம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்கப் போனவர், தம்மை அறியாமலேயே லயத்து வீடுகளின் வரிசையையும், பொதுக்குழாயையும், ஆலமரத்தடி மாரியம்மன் கோவிலையும், தோட்ட மண்டபத்தையும், பின்னணியில் நின்ற பால்மரங்களையும் சேர்த்துப் பதிவுசெய்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. லயங்கள் பல இடிந்தன. அந்த வீடுகள் எப்படி இருந்தன, அங்கே மனிதர்கள் எப்படி நடந்தார்கள், எந்த ராகத்தில் பேசினார்கள் என்பதற்கு, பல தோட்டங்களைப் பொறுத்தவரை, திருமண நாடா ஒன்றே சாட்சி.

இணையக் காணொளி இந்த அடித்தளத்தின் மேல்தான் கெடாவில் எழுந்தது. மலேசியாவில் ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசை 2001இல் தொடங்கினாலும் அது முதலில் எட்டியது பட்டணங்களைத்தான். தோட்டத்து இளைஞர் கடைத்தெரு வரைக்கும் வந்து சைபர் கஃபேயில் உட்கார வேண்டியிருந்தது. தொடக்க கால யூடியூப் 100 மெகாபைட், பத்து நிமிடம் என்று வரம்பு வைத்திருந்தது. பதிவேற்ற வேகம் விநாடிக்கு 128 கிலோபிட் என்றால் அவ்வளவு பெரிய கோப்பு ஏற ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இடையில் இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனைக்கும் பொறுத்திருந்து ஏற்றினார்கள். தைப்பூசக் காவடி, உருமி மேளக் குழுக்களின் வாசிப்பு, பள்ளி விளையாட்டுப் போட்டி, கோவில் திருவிழா என்று அந்தக் காலத்துக் காட்சிகள் சின்னதாக, மங்கலாக, ஓசை கரகரத்து இருக்கும். நோக்கியா 6600 போன்ற கைப்பேசிகள் 176க்கு 144 புள்ளி அளவில்தான் படம் எடுத்தன. அவை இணையத்துக்கு வருமுன் புளூடூத் வழியே கைக்குக் கை மாறின. எத்தனையோ காட்சிகள் இணையத்துக்கு வராமலே நினைவக அட்டையோடு நின்றுபோயின.

2007 நவம்பர் 25 இந்தப் பழக்கத்துக்கு அரசியல் கனம் சேர்த்தது. கோலாலம்பூரில் இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராஃபின் பேரணிக்குத் திரண்ட பல்லாயிரம் பேர் மீது கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் பாய்ந்தன. அன்றே அந்தக் காட்சிகள் யூடியூபில் ஏறின. நேரில் போகாதவர்களும் இணைய இதழ்களிலும், நகலெடுத்துக் கொடுக்கப்பட்ட விசிடிகளிலும் பார்த்தார்கள். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கெடா மாநில ஆட்சியே கை மாறியது. அதற்குக் காரணங்கள் பல உண்டு. காணொளி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் தொலைக்காட்சிச் செய்தி சொல்லாததைத் தமிழ் வாக்காளர் தம் கண்ணால் பார்த்துவிட்டு வாக்களித்த தேர்தல் அது. அதே ஆண்டில் மலேசியாகினி இணைய இதழ், சாதாரண மக்களுக்குக் காணொளிச் செய்தி எடுக்கக் கற்றுக்கொடுக்கும் மக்கள் செய்தியாளர் பயிற்சியையும் தொடங்கியது.

இன்று இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? இவ்விதழின் வாசகர்களான காணொளிப் பதிவாளர்களும், தோட்ட வரலாறு தொகுப்பவர்களும், பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களும் இந்தக் கேள்வியைத் தம் பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்க வேண்டும். “அதான் யூடியூபில் இருக்கிறதே” என்ற பதில்தான் இத்துறையில் அதிகம் காதில் விழுகிறது. அந்தப் பதில் தவறானது.

காணொளித் தளங்கள் மூடப்பட்ட கதை நீளமானது. கூகுள் வீடியோ 2012இல் முடிந்தது. தனிமனிதக் காணொளியாளர்களுக்கென்றே 2005இல் பிறந்த பிளிப் 2015 ஆகஸ்டில் மூடியது. வைன் 2017 ஜனவரியில் நின்றது. 2016க்கு முன் ஏற்றிய பாடல்களும் காணொளிகளும் படங்களும் இடமாற்றத்தின்போது தொலைந்துபோயின என்று மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. மூடாத தளத்திலும் ஆபத்து உண்டு. 2017க்கு முன் யூடியூபில் ‘பட்டியலிடாதவை’ என்று ஏற்றிய காணொளிகள் 2021 ஜூலையில் தாமாகவே தனிப்பட்டவை ஆக்கப்பட்டன. உரியவர் கவனித்து மாற்றுவழி தேடாவிட்டால் பழைய இணைப்பு வழியே வருகிறவருக்கு எதுவும் தெரியாது. கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர்களும் இறந்துபோனவர்களும் இந்த மாற்றங்களை எப்படிக் கவனிப்பார்கள்?

உரியவரே நீக்கினாலும் பொதுநினைவுக்கு இழப்புதான். அண்டை மாநிலமான பேராக்கில், சுங்கை சிப்புட் தோட்டத்திலிருந்து சுகு, பவித்ரா தம்பதி மலாயில் பேசிச் சமைத்த காணொளிகள் 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாடு முழுவதும் பரவின. தோட்ட வீட்டுச் சமையலறையை எல்லா இனத்தாரும் விரும்பிப் பார்த்தது மலேசிய ஊடக வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி. மறு ஆண்டே அந்த அலைவரிசையில் இருந்த காணொளிகள் நீக்கப்பட்டன. நீக்குவது அவர்கள் உரிமை. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அவர்கள் சம்மதத்தோடு ஒரு படியை வாங்கிப் பாதுகாப்பாக வைக்கும் நூலகமோ காப்பகமோ தமிழர் தரப்பில் முன்வந்திருந்தால், நாளைய ஆய்வாளர் செய்தித்தாள் துணுக்குகளை மட்டும் நம்பி எழுத வேண்டியிராது.

பதிவேற்றிய படியின் தரமும் மூலத்தின் தரம் ஆகாது. ஏற்றும் ஒவ்வொரு கோப்பையும் தளம் தன் வசதிக்குச் சுருக்கி மறுகுறியாக்கம் செய்கிறது. மினிடிவி நாடாவில் ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 13 கிகாபைட். 2007இல் யூடியூபுக்குப் போன அதன் வடிவம் 320க்கு 240 புள்ளி. முகம் தெரியும், கோவில் பலகையில் எழுதிய தோட்டத்தின் பெயர் தெரியாது. அந்தப் பலகைதான் வரலாற்றுக்கு வேண்டியது.

எனவே வேலை மூலத்திலிருந்து தொடங்க வேண்டும். நேரம் குறைவு என்பதை உலக அமைப்புகளே சொல்லிவிட்டன. யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2025ஐ ஒட்டி நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே கடினமாகிவிடும் என்று எச்சரித்தன. விஎச்எஸ் கருவி செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. மினிடிவியைக் கணினிக்கு மாற்ற உதவும் ஃபயர்வயர் இணைப்பை ஆப்பிள் 2025இல் வெளியிட்ட இயங்குதளத்தில் கைவிட்டது. இந்த நாட்டு ஈரப்பதத்தில் அலமாரிக்குள் கிடக்கும் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. எழுதக்கூடிய தட்டில் பதிந்த விசிடியின் சாயம் மங்குகிறது.

செய்ய வேண்டியவை ஒரு சிறு ஸ்டுடியோவின் சக்திக்கு உட்பட்டவைதான். பழைய ஃபயர்வயர் கணினி ஒன்றையும் ஓடும் நிலையில் உள்ள மினிடிவி கருவி ஒன்றையும் விற்காமல் வைத்திருப்பது முதல் தேவை. நாடாவிலிருந்து வரும் டிவி (DV) கோப்பை அப்படியே வைக்க வேண்டும். பகிர்வதற்கு எம்பி4 படி தனியாக எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யாமல் கருவிக்குள் போடக் கூடாது. போட்டால் நாடாவும் போகும், கருவியும் போகும். கைப்பேசிக் காட்சி என்றால் யூடியூபிலிருந்து இறக்காமல் பழைய நினைவக அட்டையைக் கேட்டு வாங்கி 3ஜிபி (3GP) வடிவக் கோப்பை எடுக்க வேண்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது காப்பகத் துறையின் பொதுவிதி.

இவற்றையெல்லாம் விட முக்கியம் குறிப்பு. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த நாள், யார் வீட்டு விசேஷம், எடுத்தவர் யார், படத்தில் பேசும் பெரியவர் யார் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்காத கோப்பு இருபது ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாது. தோட்டத்தின் பதிவுப் பெயரோடு மக்கள் வழங்கும் பெயரையும் எழுத வேண்டும். தொடக்க கால யூடியூபில் தமிழ்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக ரோமன் எழுத்தில் போட்டதால் இன்று தேடினால் கிடைக்காத காட்சிகள் ஏராளம். தலைப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். குழந்தைகளின் முகம், சாவு வீடு, சாமியாட்டம் போன்றவற்றைப் பொதுவில் காட்டுவதா, பூட்டி வைப்பதா என்பதைக் குடும்பமே சொல்லட்டும்.

சட்டத்தின் பக்கமும் கவனம் வேண்டும். 2020 ஜூலையில் சமூக ஊடகத்துக்குக் காணொளி எடுப்போருக்கும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமம் தேவை என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னதும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. தனிமனிதர்கள் வழக்கம்போல் எடுக்கலாம் என்று அரசு விளக்கமளித்தது. 1981ஆம் ஆண்டு ஃபினாஸ் சட்டம் கைப்பேசிக் காலத்துக்கு எழுதப்பட்டது அல்ல என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது. மறுபுறம், 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் வெளியீட்டாளர்கள் தங்கள் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அச்சிடாத பொருள்களுக்கும் அது பொருந்தும். தட்டாக விற்ற ஆவணப்படங்களையும் இசைத் தொகுப்புகளையும் ஒப்படைத்த தமிழ்த் தயாரிப்பாளர்கள் மிகக் குறைவு. தேசிய ஆவணக் காப்பகத்தின் கெடா, பெர்லிஸ் கிளை அலோர் ஸ்டாரிலேயே இருக்கிறது. தனியார் சேகரங்களை அங்கே கொண்டுபோய்ப் பேசிப் பார்ப்பதில் நமக்கு என்ன தயக்கம்?

கெடாவில் தமிழ்ப்பள்ளிகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. பீடோங்கில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோவில் நிர்வாகங்களும் இளைஞர் மணிமன்றங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்துக்கு ஒரு கல்யாண வீடியோக்காரரைத் தேடிப் பிடித்தாலே தொடக்கம் அமைந்துவிடும். அவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். தொழிலை விட்டவர்கள் வீடு மாறும்போது நாடாப் பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். அனுப்புமுன் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். அந்த ஒருவர் இதைப் படிக்கும் நீங்களாக இருக்க வேண்டும் என்பதே இவ்விதழின் வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறைக்குள் உங்கள் வட்டாரத்தில் நாடா வைத்திருப்பவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். லயம் இடிந்துவிட்ட தோட்டங்களின் நாடாக்களை முதலில் மாற்றுங்கள்.