இரண்டு மொழி தெரிந்தால் போதுமா?

ஸ்பானிஷில் பேசுவதை ஜப்பானிய மொழியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதுவும் சமூக அறிவியல் ஆய்வுக்கு. எங்கே தேடுவது? "ரெண்டு மொழியும் தெரிஞ்ச யாரையாவது பிடி, கிடைக்கலேன்னா நடுவுல இங்கிலீஷைப் போடு" என்பார்கள் பலரும். இது ஆபத்தான யோசனை என்பது என் கருத்து.

இதற்கு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து சில மணி நேரம் பஸ்ஸில் போனால் புன்னைக்காயல், மணப்பாடு கடற்கரை. 1542-இல் அந்தக் கடற்கரைக்கு வந்தவர் பிரான்சிஸ் சேவியர். இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதிக்காரர். உள்ளூர் ஆட்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார். 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று வந்துவிட்டது! அதைத் திருத்தச் சொல்லி 1544-இல் தன் சகா மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். நம்புகிறேன் என்பதும் வேண்டும் என்பதும் ஒன்றா, சொல்லுங்கள்?

அதே சேவியர் 1549 ஆகஸ்டில் ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார். மொழிபெயர்ப்பாளர் அஞ்சிரோ, ஜப்பானியர். கோவாவில் போர்த்துகீசியம் கற்றவர். அதாவது அப்போதே நடுவில் ஒரு மூன்றாம் மொழி! கடவுளுக்கு அவர் கொடுத்த சொல் 'தைனிச்சி'. அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் புத்தரின் பெயர். கேட்டவர்கள் இதுவும் பௌத்தத்தில் இன்னொரு பிரிவு என்றே நினைத்தார்கள். விஷயம் புரிந்து சொல்லை மாற்ற சேவியருக்கு இரண்டு வருடம் ஆனது. அஞ்சிரோவைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இரண்டு மொழியும் தெரியும், ஆனால் சமய நூல்களைக் கற்ற பண்டிதர் இல்லை. பிறகு கைகொடுத்தவர் கூடவே போன ஹுவான் ஃபெர்னாண்டஸ். ஸ்பெயினின் கோர்டோபாக்காரர். ஜப்பானிலேயே தங்கி, மக்களோடு பழகி மொழியைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்த்தார்.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு மாடு வைத்து, விடியற்காலையில் பால் கறந்து ஊற்றும் ஒரு அம்மாவிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். "வீட்ல சும்மாதாம்ப்பா இருக்கேன்" என்பார். இதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அவர் 'வேலையில்லாதவர்' பட்டியலில் சேர்ந்துவிடுவார். ராஜபாளையம் பக்கம் வீட்டிலிருந்தபடியே கட்டுத்துணி மடித்துக் கொடுக்கும் பெண்களுக்கும் இதே கதிதான். அவர்கள் உழைப்பு கணக்கிலேயே வராது. அந்தக் கணக்கை வைத்துத் திட்டம் போட்டால் யாருக்கு நஷ்டம்?

அதனால் ஆள் தேடும்போது சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள். அந்தத் துறையில் படித்தவரா, அந்த மக்களோடு பழகியவரா என்று பாருங்கள். கேள்விகளை ஒரு வாரம் முன்பே கொடுத்து, சந்தேகப்படும் சொற்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள். பேட்டியைப் பதிவு செய்து, கொஞ்சப் பகுதியையாவது வேறொருவரை வைத்துத் திரும்ப மொழிபெயர்த்துப் பாருங்கள். இங்கிலீஷ் வழியாகத்தான் முடியும் என்றால், அதை ஆய்வறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

செலவு கூடத்தான் செய்யும். ஆனால் 'சும்மா' என்ற ஒரே சொல்லில் ஒருவருடைய உழைப்பு முழுவதும் காணாமல் போவதைவிட அது குறைவுதான், இல்லையா?