கரண்டா, கேஸா? மீட்டர் அட்டையைப் பார்த்துவிட்டு அடுப்பு வாங்குங்கள்!

வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் நாமக்கல்லில் ஆபீஸ் குமாஸ்தா. லீவுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறி வந்தவர். இன்னொருவர் உள்ளூர்க்காரர். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காப்பி வைத்திருக்கிறவர். பேச்சு அரசியல் இல்லை, சினிமாவும் இல்லை. அடுப்பு!

"கேஸ் கட்டுப்படி ஆகலைங்க. இண்டக்‌ஷன் வாங்கிட்டேன்" என்றார் குமாஸ்தா.

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? விறகு கிடக்குது. கேஸ் இருக்குது, விருந்தாளி வந்தாத்தான் பத்த வைப்போம்" என்றார் மலைக்காரர்.

இரண்டு பேரும் தலைகீழாக நடக்கிறார்கள் என்பது நமது கட்சி. கரண்டு அடுப்பு வாங்க வேண்டியவர் வாங்கவில்லை. வாங்கக் கூடாதவர் வாங்கிவிட்டார்! ஏன் என்று கேளுங்கள். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு சிலிண்டர் = 140 யூனிட்

வீட்டு சிலிண்டரில் இருக்கிற எரிவாயு 14.2 கிலோ. அது முழுக்க எரிந்தால் வருகிற சூட்டை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு சூடு பாத்திரத்துக்குப் போவதில்லை. பக்கவாட்டில் ஓடி, சமையல் செய்கிற அம்மாவின் முகத்தில் வேர்வையாக வழிகிறது.

இண்டக்‌ஷனில் நெருப்பு கிடையாது. பாத்திரத்தின் அடியே சூடாகிறது. அதனால் 100-க்கு 85 பங்கு சமையலுக்குப் போய்ச் சேரும். ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் சுமார் 140 யூனிட்டில் முடித்துவிடும். பழைய காயில் அடுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும்.

2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது சென்னையில் சிலிண்டர் விலை ரூ.868.50 ஆனது. ஊருக்கு ஊர் சில ரூபாய் வித்தியாசம் உண்டு. இதை 140-ஆல் வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. கரண்டு ஒரு யூனிட் இதற்குக் கீழே கிடைத்தால் கரண்டு லாபம். மேலே போனால் கேஸ் லாபம். கேஸ் விலை மாறினால் புது விலையை 140-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வழி அதேதான்.

ஒரே யூனிட்... 243 ரூபாய்!

கரண்டு என்ன விலை? இங்கேதான் சூட்சுமம். 2024 ஜூலையில் ஏறிய கட்டணத்தை வைத்துச் சொல்கிறோம். (2025 ஜூலையில் மறுபடி ஏறியபோது வீடுகளுக்கு ஏற்றவில்லை.) இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது 2016-ல் வந்த சலுகை. அதற்கு மேல் 200 வரை யூனிட் ரூ.2.35. 400 வரை ரூ.4.70. 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டினீர்களோ, போச்சு! 2.35 சலுகை பறிபோகும். 101-வது யூனிட்டில் இருந்தே 4.70 என்று திருப்பிக் கணக்குப் போடுவார்கள். 500-க்கு மேல் ரூ.8.40. 600-க்கு மேல் ரூ.9.45.

500 யூனிட்டுக்கு பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு! வழிப்பறி வழக்கு தினம் தினம் எழுதுகிற நமக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போடுகிறது.

இரண்டு வீட்டுக் கணக்கு

இப்போது டீக்கடைக்கு வருவோம். மலைக்காரர் வீட்டில் ஏ.சி. கிடையாது. குளிர்கிற ஊரில் எதற்கு ஏ.சி.? நாலு பல்பு, ஒரு டி.வி., மிக்சி. இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பில் பூஜ்யம். அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் சமையலை அப்படியே இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 70-ம் 140-ம் சேர்ந்து 210 யூனிட். பில் ரூ.282. சிலிண்டருக்கு ரூ.868.50. மிச்சம் ரூ.586.50!

உஜ்வாலா இணைப்பாக இருந்தால்? 2023 அக்டோபரில் அந்த மானியத்தை 300 ரூபாய் ஆக்கினார்கள். கழித்தால் சிலிண்டர் ரூ.568.50. அப்போதும் கரண்டில் 286 ரூபாய் மிச்சம். இலவச 100 யூனிட்டில் பாதியைக்கூடத் தொடாமல் சில வீடுகள் விட்டுவிடுகின்றன. அது அரசாங்கம் வாசலில் வைத்துவிட்டுப் போன பணம். எடுக்க ஆள் இல்லை.

குமாஸ்தா வீடு வேறு. ஏ.சி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் என்றால் பில் ரூ.1,301. அதில் 140 சேர்ந்தால் 560. பில் ரூ.2,544! கூடுதல் 1,243 ரூபாய். மிச்சம் பிடித்த சிலிண்டரோ 868.50. ஆக, சிக்கனம் என்று நினைத்து இரண்டு மாதத்துக்கு 374 ரூபாய் நஷ்டம். இண்டக்‌ஷன் வாங்கிய இரண்டாயிரம், மூவாயிரமும், அடி தட்டையான புதுப் பாத்திரம் வாங்கிய செலவும் தனி. அலுமினியச் சட்டியை வைத்தால் அது சூடாகாது சார்!

அவர் பாதிச் சமையலை மட்டும் மாற்றினால்? 490 யூனிட். கூடுதல் 441 ரூபாய், அரை சிலிண்டர் 434 ரூபாய். சரிக்குச் சரி. ஆனால் அது கத்தி மேல் நடக்கிற வித்தை. ரீடிங் எடுக்கிறவர் மூன்று நாள் தாமதித்தால் போதும், 490 என்பது 514 ஆகிவிடும். பில் 1,742-ல் இருந்து 2,157-க்குத் தாவும். தாமதம் யாருடையது, தண்டம் யாருக்கு?

கடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடை இணைப்புக்கு இலவச 100 யூனிட் கிடையாது. அதற்காக வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தீர்களோ, பறிமுதல் ஆகும். அந்தச் செய்தியையும் நாம்தான் எழுத வேண்டி வரும்!

மலையில் அடுப்பு எரிவது எப்படி?

மலையின் கஷ்டம் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சிலிண்டர் அத்தனையும் சுற்றித்தான் வர வேண்டும். நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்த்துச் சுமார் 30 கிலோ. வண்டி போகிற ரோட்டோரம் வீடு இருந்தால் சரி. காட்டுக்குள் வீடு என்றால் வண்டி நிற்கிற இடத்தில் இருந்து யார் தூக்குவது? 5 கிலோ வீட்டு சிலிண்டர் என்று ஒன்று இருக்கிறது. உஜ்வாலா இணைப்பிலும் கேட்கலாம். ஒரு பெண்பிள்ளை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்துவிடலாம்.

இன்னொன்று. வாசலூர்பட்டி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 96, 97-லேயே கொதித்துவிடும். கொதிப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பருப்பு வேக நேரமாகும். எந்த அடுப்பானாலும் மலை வீட்டுக்கு முதல் சிக்கனம் பிரஷர் குக்கர்தான். திறந்த பானையில் துவரம் பருப்பு வேக வைத்தால் கேஸும் போகும், கரண்டும் போகும், பொழுதும் போகும்.

விறகு காசில்லைதானே என்பார்கள். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தைக் கவாத்து செய்தால் கிளை கிடைக்கிறது, உண்மை. ஆனால் பொறுக்கி, வெட்டி, உலர்த்தி, மழையில் நனையாமல் காக்கிற வேலைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? ஊதுகுழல் பிடித்து இருமுகிறவரைக் கேட்டால் தெரியும்.

அப்படியானால் கேஸைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடவே கூடாது! காற்றடித்து ஒரு கிளை கம்பியில் விழுந்தால் மலை இருண்டுவிடும். இலங்கையைப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அடுத்த மாதமே 12.5 கிலோ சிலிண்டர் அந்நாட்டுப் பணத்தில் 4,860 ரூபாய். கரண்டும் இல்லை, கேஸும் இல்லை என்று கொழும்பு நகரத்திலேயே விறகு தேடினார்கள். ஒரே அடுப்பை நம்புகிற வீடு ஒரு நாள் பட்டினி கிடக்கும். கேஸ் மூலையில் இருக்கட்டும்.

வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் 1,200-ல் இருந்து 2,000 வாட் வரை இழுக்கும். பல்புக்குப் போட்ட மெல்லிய வயரில், ஆடுகிற பிளக்கில் மாட்டினால் உருகும். தனி வயர், பெரிய பிளக், சரியான எர்த். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் போடுங்கள். இரண்டு வகை தீ விபத்துக்கும் ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் நாம்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. 501-வது யூனிட்டுக்கு 243 ரூபாய் என்பதை எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். 500-க்கு மேல் போன யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் வாங்குங்கள், ஏற்கெனவே கொடுத்த சலுகையைத் திருப்பிப் பிடுங்காதீர்கள். ரீடிங் 60 நாளைத் தாண்டினால் தாண்டிய நாளைக் கழித்துப் பில் போடுங்கள். கொல்லிமலையில் மழை பிடிப்பதற்கு முன்னால் கம்பியை உரசுகிற கிளைகளை வெட்டுங்கள். கரண்டு நிற்கும் என்ற பயம் போனால்தான் மலைக்காரர் இண்டக்‌ஷன் கடைப் பக்கம் திரும்புவார்.

குமாஸ்தா டீயை வைத்துவிட்டு, செல்போனில் போன பில்லைத் தேடிப் பார்த்தார். 420 தாண்டியிருந்தது. "அந்த அடுப்பை நீங்க எடுத்துக்கிறீங்களா, பாதி விலைக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மலைக்காரர் யோசிக்கிறார்.