பிறைச் சண்டையும் ஒரு கைத்தடியும்

யஹூதிகளின் சட்ட நூல் என்றாலே முகஞ்சுளிக்கும் நம்மவர்கள், அதற்குள் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்ததுண்டா? இஸ்ரேல் அரசு காஸாவில் செய்ததற்கு, 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? தவ்ராத்தை இறைவேதமென்று ஈமான் கொண்ட சமூகம் நாம். யஹூதிகள் எப்படி ஓதினார்கள், எப்படிச் சண்டையிட்டார்கள் என்று அறிவதும் பாவமென்போரிடம் நான் ஒரேயொரு விடயம்தான் பேச விரும்புகிறேன்: பிறை.

அவர்களும் அன்று பிறை பார்த்தே மாதம் தொடங்கினார்கள். பிறை கண்டோர் கூடுவதற்கென்றே ஜெரூசலத்தில் ஒரு பெரிய முற்றம் இருந்தது. சாட்சிகள் சலிப்பின்றி வரவேண்டுமென்று பெரும் விருந்தும் வைத்தார்கள். (நம்மூரில் பிறை கண்ட மீனவனுக்கு விருந்து வேண்டாம், உட்கார ஒரு கதிரையாவது போடுகிறோமா?) ரப்பான் கம்லியேல் தன் மேல்மாடிச் சுவரில் பிறை வடிவங்களை வரைந்து வைத்திருந்தார். பாமரச் சாட்சிக்கு அவற்றைக் காட்டி, கண்டது இதுவா அதுவா என்று விசாரிப்பார்.

ஒருமுறை இருவர் வந்து பிறை கண்டதாகச் சொன்னார்கள். மறுநாளிரவு பார்த்தால் பிறையே இல்லை. ஆயினும் கம்லியேல் அந்தச் சாட்சியத்தை ஏற்றார். ரப்பி தோசா அது பொய்ச்சாட்சி என்றார். நேற்றுப் பிள்ளை பெற்றவளின் வயிறு இன்று பெருத்திருக்குமா என்பது அவருடைய வாதம். ரப்பி யெஹோஷுவாவும் அதையே சரிகண்டார். அது திஷ்ரி மாதம். அதன் பத்தாம் நாள் யொம் கிப்பூர், அவர்களுடைய மகா புனித நோன்பு. காசைத் தொடவும் ஆகாத நாள். யெஹோஷுவாவின் கணக்கில் யொம் கிப்பூர் வருகின்ற அதே நாளில், கைத்தடியோடும் காசோடும் தன்னிடம் வரவேண்டுமென்று கம்லியேல் கட்டளை அனுப்பினார். நொந்துபோன யெஹோஷுவாவுக்கு, மறுத்துப் பேசிய தோசாவே புத்தி சொன்னார்: இந்த மன்றத்தைக் கேள்வி கேட்டால் மூஸா நபி காலந்தொட்டு வந்த அத்தனை மன்றங்களையும் கேட்க வேண்டிவரும். யெஹோஷுவா தடியோடு யவ்னேக்குப் போனார். கம்லியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவில் அவரைத் தன் ஆசான் என்றார்.

நம் மேடைகளில் இதைச் சொன்னால், தலைமைக்குக் கட்டுப்படு என்று இவ்விடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்த விடமாட்டேன். அதே கம்லியேல், இரவுத் தொழுகை கட்டாயமா என்ற வேறொரு சர்ச்சையில் யெஹோஷுவாவைச் சபை நடுவே நிற்க வைத்துவிட்டுப் பாடம் நடத்தினார். சபை பொறுக்கவில்லை, அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்க யெஹோஷுவாவின் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கரி. அந்த அறிஞர் எந்தத் தொழில் செய்து பிழைக்கிறார் என்பதே தலைவருக்கு அன்றுதான் தெரிந்தது! மன்னிப்புக் கிடைத்த பின்பே தலைமைக்குத் திரும்பினார்.

இவ்வளவும் தல்மூதில் இருக்கிறது. தோற்ற வாதத்தை அவர்கள் அழிக்கவில்லை, தலைவரின் அவமானத்தையும் மறைக்கவில்லை. நமக்கும் இது புதிதல்ல. ஷாமிலிருந்து குறைப் கொண்டுவந்த பிறைச் செய்தியை இப்னு அப்பாஸ் (ரழி) ஏற்காதது, கேள்வியோடும் விடையோடும் ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. நம் பிறைத் தீர்ப்புகளிலும் மறுக்கப்பட்ட சாட்சியின் வாக்குமூலமும் மறுத்ததற்கான காரணமும் உடன்படாத ஆலிமின் பெயரும் எழுத்தில் ஊருக்கு வரட்டும். பிறகு பெருநாள் எந்த நாளென்று சொல்லுங்கள். அன்றைக்கே ஜமாஅத்தோடு நானும் தொழுகிறேன்.