பேர் ஒண்ணுதான், ஃபைல் வேற!

மாசம் பொறந்தா பல ஆபீஸ்ல இந்தக் கூத்து நடக்கும். பழைய கூகுள் ஷீட்டைத் தூக்கிட்டு, அதே பேர்ல புதுசா ஒண்ணு வைப்பாங்க. அடுத்த நாள் "ரிப்போர்ட் வரலை"ன்னு ஒரே கூச்சல்.

மக்களே, கூகுள் டேட்டா ஸ்டூடியோ (2022 அக்டோபர்ல லுக்கர் ஸ்டூடியோன்னு பேர் மாத்தினாங்க) ஷீட்டோட பேரைப் பார்க்கிறதில்லை. முகவரியில் இருக்கிற நீளமான ஐடிதான் அதுக்குக் கணக்கு.

ரிப்போர்ட்டை மறுபடி வரைய வேண்டாம். ரிசோர்ஸ் மெனுவில் டேட்டா சோர்ஸ் பட்டியலைத் திறந்து, எடிட், எடிட் கனெக்‌ஷன், புது ஷீட், ரீகனெக்ட். அம்புட்டுதான். காலம் தலைப்பு மட்டும் எழுத்து மாறாம இருக்கணும். 'விற்பனை' போய் 'மொத்த விற்பனை' வந்திருந்தா அந்த சார்ட் படுத்துடும்.

என்னைக் கேட்டா, ரிப்போர்ட் உடைஞ்சா அது நல்ல சகுனம். பழைய ஷீட்டை அழிக்காம வேற ஃபோல்டருக்குத் தள்ளினா ஐடி மாறாது; ரிப்போர்ட் அதையே படிச்சுட்டு இருக்கும். எர்ரரே வராது. மேனேஜர் போன மாசக் கணக்கைப் பார்த்து இந்த மாசத்துக்கு சரக்கு ஆர்டர் போடுவார்!

அதனால ஃபைலை மாத்தாதீங்க. அதே டேப்ல பழைய டேட்டாவை அழிச்சுட்டு புதுசை ஒட்டுங்க. புண்ணியமாப் போகும் :-)