தாய்ப்பூனை நாமதான்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன புரட்டாசி சனிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, தொண்டூழியர்கள் நாங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். ஒரு குடும்பம் அட்டைப்பெட்டியோட வந்து நின்னாங்க. உள்ளே சாம்பல் நிறத்துல ஒரு பூனைக்குட்டி. "அக்கா, வாங்கி மூணு நாளாச்சு. சோபாவுக்கு அடியிலேயே கிடக்கு. ராத்திரியெல்லாம் கத்துது. எங்களை அதுக்குப் பிடிக்கல போல. கோயில்ல விட்டா பாலும் தயிர்சாதமுமாவது கிடைக்கும்ல?"

அவங்க கெட்டவங்க இல்ல. கோயில்ல விட்டா புண்ணியம்னே நம்பினாங்க. ஆனா என் கருத்தைச் சொல்லிடறேன்: கோயில் வாசல்ல விட்டாலும் கைவிட்டது கைவிட்டதுதான். சிங்கப்பூர்ச் சட்டமும் அப்படித்தான் பாக்குது. வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டா 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, இல்லன்னா ரெண்டுமே கிடைக்கலாம்.

உபன்யாசம் கேட்டவங்களுக்கு மர்க்கட நியாயமும் மார்ஜார நியாயமும் தெரிஞ்சிருக்கும். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கும். பூனைக்குட்டி எதையும் பிடிக்காது, தாய்தான் கவ்விக்கிட்டுப் போகும். சரணாகதிக்கு வடகலையார் முதல் உவமையைச் சொல்வாங்க, தென்கலையார் ரெண்டாவதைச் சொல்வாங்க. அந்த வாதத்துக்குள்ள நான் போகல. ஆனா வீட்டுக்கு வந்த குட்டி விஷயத்துல வாதமே இல்ல. முயற்சி அது செய்ய வேண்டியதில்ல. தூக்கிட்டு வந்தவங்கதான் தாய்ப்பூனை.

அம்மாவையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டுட்டு, வாசனையே தெரியாத ஒரு வீட்டுக்கு அது வந்திருக்கு. ஒளியறது நன்றிகெட்ட குணம் இல்ல, பயம். மூணு நாள் போதாது. சில குட்டிக்கு ரெண்டு மூணு வாரம்கூட ஆகும்.

அதனால முதல்ல முழு வீட்டையும் காட்டாதீங்க, ஒரே ஒரு அறையைக் கொடுங்க. ஒரு மூலையில பூனை மணல் தட்டு, அதுக்குத் தள்ளி சாப்பாடும் தண்ணியும், ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள பழைய துணி. அடியில கை விட்டு வெளியே இழுக்காதீங்க. பக்கத்துல தரையில உக்காந்து மெதுவா பேசுங்க. அதுவா வந்து மோந்து பாக்கட்டும். தாய்ப்பூனை மாதிரி கழுத்தைப் பிடிச்சும் தூக்காதீங்க, நெஞ்சுக்கும் பின்னங்காலுக்கும் கை கொடுத்துத் தூக்குங்க. பசும்பால் வேணாம், பல பூனைக்கு வயித்தால போகும். முன்னாடி இருந்த இடத்துல சாப்பிட்டதையே கொடுத்து, மெதுவா மாத்துங்க. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலன்னா காத்திருக்காதீங்க, கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க.

நம்ம வீடுகளுக்குன்னு தனியா சில விஷயம் இருக்கு. பூஜை அறைக் கதவைச் சாத்தி வைங்க. எரியற விளக்கு ஆபத்து. கற்பூரம் பூனைக்கு விஷம். சாமிக்கு லில்லிப் பூ வாங்கறவங்க, வீட்டுல பூனை இருந்தா வாங்கவே வாங்காதீங்க, அதோட மகரந்தம் பட்டாலே சிறுநீரகம் கெட்டுடும். தேக்காவுல வாங்கற மாலையோட நூலை விளையாட்டா விழுங்கிட்டா குடல்ல சிக்கிக்கும். பூ வாடினதும் நூலோட சேர்த்து எடுத்துடுங்க. வெங்காயம், பூண்டு போட்ட எதையும் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு. 1989லேருந்து வீவக வீட்டுல பூனை வளர்க்கத் தடை இருந்துச்சு. 2024 செப்டம்பர் 1லேருந்து வீட்டுக்கு 2 பூனை வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், அதுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். முதல் தடவை உரிமம் எடுக்கறவங்க இணையத்துல ஒரு இலவசப் பாடம் முடிக்கணும். குட்டியைக் கூட்டி வர்றதுக்கு முன்னாடியே ஜன்னலுக்கு வலை போட்டுடுங்க. பத்தாவது மாடிக்காரங்களுக்கு இதைத் தனியா விளக்கத் தேவையில்ல.

இத்தனை வருஷம் ஒளிச்சு வளர்த்தவங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா அனுமதி கிடைச்சதுனாலேயே எல்லாரும் வாங்கணும்னு இல்ல. பிள்ளைங்களுக்கு தீபாவளிப் பரிசா குட்டி வாங்க நினைக்கறவங்க யோசிங்க. விருந்தாளிங்க கூட்டம் இருக்கற வாரம், புதுக் குட்டிக்கு ரொம்ப மோசமான வாரம்.

அந்தக் குடும்பத்துக்கிட்ட இவ்வளவும் சொல்லல. "ஒரு அறை, ரெண்டு வாரம், அப்புறம் வாங்க"ன்னு மட்டும் சொன்னேன். பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போனாங்க. பத்தாம் நாள் ஒரு படம் வந்துச்சு. பாட்டி நாற்காலியில உக்காந்து தொலைக்காட்சி பாக்கறாங்க, அவங்க காலடியில குட்டி தூங்குது. பூனை வேணவே வேணாம்னு சொன்னது அந்தப் பாட்டிதானாம்!

கஷ்டமா இருந்தா கோயிலுக்கு வாங்க, பேசுவோம். பெட்டியோட வராதீங்க. 🙏