வயிறு சொல்வதைக் கேளுங்கள்!

நேற்று ராத்திரி எத்தனை தோசை சாப்பிட்டீர்கள்? மூன்றா, நாலா? சட்டென்று பதில் வரவில்லையா? ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். கை பிய்த்தது, வாய் மென்றது. மனசு மட்டும் சீரியலிலோ செல்போனிலோ இருந்தது. அவ்வளவுதான்!

எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியல் போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால், எப்படிச் சாப்பிடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

காரணம் இருக்கிறது. வயிறு விரிவதும், குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்துதான் 'போதும்' என்ற தகவலை மூளைக்கு அனுப்புகின்றன. அது முழுசாகப் போய்ச் சேர சுமார் 20 நிமிடம் ஆகும் என்பார்கள் டாக்டர்கள். நாமோ ஐந்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறோம். தகவல் வருவதற்குள் இன்னும் இரண்டு கரண்டி உள்ளே போய்விடுகிறது!

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர், மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். அதில் பிரபலமான பாடம் எது தெரியுமா? ஒரே ஒரு உலர்ந்த திராட்சை! அதைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, நிதானமாக மென்று ருசிக்க வேண்டும். நமக்கு இது ரொம்பப் புதுசு இல்லை. முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார்த்து, பசியறிந்து, அளவோடு சாப்பிடச் சொல்லி, திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே!

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே, குழந்தை மிச்சம் வைத்ததையும் 'வீணாப் போகுதே' என்று வாயில் போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா? அது சிக்கனம் இல்லை அம்மா. உங்கள் வயிறு குப்பைத்தொட்டியும் இல்லை! நாளைக்கு அரை ஆழாக்கு குறைத்து உலை வையுங்கள். நீங்களும் தட்டு போட்டு உட்காருங்கள்.

இன்னொன்று, மனக்கஷ்டத்துக்குச் சாப்பிடுவது. ஆபீஸில் திட்டு, வீட்டில் மனஸ்தாபம் என்றால் கை தானாக முறுக்கு டப்பாவைத் தேடும். அப்போது ஒரே ஒரு நிமிடம் நின்று, 'இது பசியா, வருத்தமா?' என்று கேளுங்கள். பசி என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம். வருத்தம் என்றால், முறுக்கால் அது தீராது. யாரிடமாவது மனம் விட்டுப் பேசினால்தான் கொஞ்சமாவது இறங்கும்.

இதனால் எடை கட்டாயம் குறையும் என்று நான் அளக்க மாட்டேன். கவலையில் தின்பதும், அளவு மீறித் தின்பதும் குறைகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதுவே பெரிய லாபம்தானே!

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், 'பசி வரட்டும்' என்று வேளை தவறக்கூடாது. சர்க்கரை அளவு திடீரென்று இறங்கிவிடலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நிதானமாகச் சாப்பிடுங்கள்.

மூன்று வேளையும் முடியாது என்கிறீர்களா? ஒரு வேளை போதும். டி.வி.யை அணையுங்கள். முதல் மூன்று கவளத்தை ருசித்து மெல்லுங்கள். பாதித் தட்டில் கொஞ்சம் நிறுத்தி, 'இன்னும் வேணுமா?' என்று வயிற்றைக் கேளுங்கள்.

முக்கியமாக, செல்போனைக் காட்டிக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். 'போதும்மா' என்று அது தலையைத் திருப்பினால் நம்புங்கள். தன் பசியைத் தானே அறிகிற அந்தப் பிறவி அறிவை நாமே மழுங்கடித்துவிட்டு, பிற்பாடு டயட் சொல்லித் தரச் சொல்லி யாரிடம் போய் நிற்பது?